மூடி வைத்த பாதி

ஐயா, தொடங்கும் முன் ஒரு சின்ன விஷயம். நீங்கள் எழுதக் கொடுத்திருக்கும் இந்தக் காகிதம் நல்ல காகிதம் இல்லை. மரக்கூழில் செய்தது. விளிம்பைப் பாருங்கள், இப்போதே லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது. இன்னும் பத்து வருடத்தில் மடித்த இடத்தில் ஒடியும். நான் சொல்லப்போவது உங்கள் கோப்பில் நெடுநாள் இருக்க வேண்டியது என்பதால் சொன்னேன். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் புத்தி, எங்கே போனாலும் கூடவே வந்துவிடுகிறது.

கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை அச்சிட்டுக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் சோறு போடுகிறது. எங்கேயோ எடுத்த படத்தைக் கொண்டுவந்து, 'இது என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இப்படியே இருக்க வேண்டும்' என்று கேட்பவர்கள் என்னிடம் வருவார்கள். நான்கு தெரு தள்ளிப் படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் எனக்கு வைத்த பெயர் காகிதப் பைத்தியம். "உங்க கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேரைப் படிச்சீங்களா, இல்ல பேப்பரைத் தடவிப் பார்த்துட்டு வெச்சுட்டீங்களா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பார். நானும் சிரித்துக்கொள்வேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பிரிண்டரைப் பற்றித்தான் பேசுவார்கள். பிரிண்டர் ஒரு பொருட்டே இல்லை. மையும் காகிதமும்தான் விஷயம். மையில் இரண்டு வகை. ஒன்று சாய மை. தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல் கரைந்திருக்கும். பளிச்சென்று விழும், சீக்கிரமே விடைபெற்றுக்கொள்ளும். இன்னொன்று பிக்மென்ட் மை. அது மிக நுண்ணிய தூள், காகிதத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கறுப்புக்கு அந்தத் தூள் கரியாக இருந்துவிட்டால் நாம் போய்ச் சேர்ந்த பிறகும் அது இருக்கும்.

காகிதத்தில் பருத்திக் காகிதம் உத்தமம். அமிலம் இருக்கக் கூடாது. முக்கியமாக, வெளுப்பு மருந்து இருக்கக் கூடாது. கடையில் கண்ணைப் பறிக்கிற வெள்ளையில் அடுக்கி வைத்திருப்பதெல்லாம் மருந்து போட்ட வெள்ளை. புற ஊதா டார்ச் அடித்தால் நீலமாக மின்னும். மருந்து இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும், அப்புறம் அடியில் இருக்கிற மஞ்சள் பல்லைக் காட்டும். நல்ல காகிதம் முதல் நாளே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். உட்காரவைத்துப் பேசி அவர்கள் மனதை மாற்றுவது என் வேலையில் பாதி.

பெட்டியின் மேல் நூறு வருடம், இருநூறு வருடம் என்று அச்சிட்டிருப்பார்கள். நான் நம்பமாட்டேன். ஒரு படத்தை அச்சிட்டு, இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். வெயில் தன் வேலையைச் செய்யும். ஒரு வருடம் கழித்து அட்டையை எடுத்தால் மூடிய பாதியும் மூடாத பாதியும் அக்கம்பக்கமாக இருக்கும். தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற எதுவும் வெளிறுவது கண்ணுக்குத் தெரியாது, ஐயா. மூடி வைத்த பாதி பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். கல்யாணமான புதிதில் இதை என் மனைவிக்குக் காட்டினேன். "மூடின பாதிதான் சாட்சி" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "பேப்பருக்கே கோர்ட்டு நடத்துறீங்களா?" என்றாள்.

எந்தக் காகிதத்தில் எந்த மை எத்தனை நாள் நின்றது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நல்லதற்கு ஒரு கோடு. ஆகாததற்கு 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. அந்தக் குறிப்பேட்டை நீங்கள் எடுத்துப்போயிருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் யாருக்காவது உபயோகப்படும்.

எங்களுக்கு ஒரே மகள். ஒன்பது வயது. வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவோம். ஒரு இடத்தில் கால் தரிக்காது. சாப்பாட்டுத் தட்டோடு வீட்டை நாலு சுற்று சுற்றித்தான் சாப்பிட்டு முடிப்பாள். படத்தொழில் செய்கிறவன் மகள், ஆனால் அவளுக்கு உருப்படியாக ஒரு படம் கிடையாது. எல்லாவற்றிலும் பாதி முகம், அல்லது நாக்கு, அல்லது காற்றில் பறக்கிற சடை. "இவளைப் பிடிக்கிறதுக்குப் பதிலா கொசுவைப் படம் பிடிக்கலாம்" என்பாள் என் மனைவி.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் கீழ்த்தளம் அச்சறை, மேல்தளம் வீடு, அதற்கு மேல் மொட்டைமாடி. காலையில் மனைவி மாடியில் துணி காயப்போட்டாள். மதியம் சுண்டெலி சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். மனைவி ஒரு பழைய கட்டம் போட்ட தலையணை உறையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். முடிச்சு முயல் காது மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் மகள் ஒத்துக்கொள்ளமாட்டாள். கட்டிவிட்டு மனைவி, காய்ச்சலாகக் கிடந்த தன் அக்காவைப் பார்த்து வரக் கிளம்பினாள். சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் மகள் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரிலிருந்து பின்பக்கத்துச் சிமென்ட் தரையில் விழுந்தாள். அப்போது நான் கீழே அச்சறையில் இருந்ததாக எழுதிக்கொண்டார்கள். பின்வீட்டுத் தையல்காரம்மா தற்செயலாக வெளியே வந்தவர், அவள் கிடந்ததைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்து என் கதவைத் தட்டினார். முழங்காலில் அந்தக் கட்டோடுதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. உங்கள் பழைய கோப்பில் இவ்வளவுதான் இருக்கும்.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் மனைவி வந்தாள். வாசலில் கூட்டம். கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், "மாடிக் கதவை யாருங்க திறந்து வெச்சது?" கேட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான்தான். துணி காயப்போட்டுட்டு வந்தேன். தாழ்ப்பாள் போட்டேனா? போடலையே. ஐயோ, போடலையே" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நான் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னாள், நான் மறுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, "பாப்பா படம் ஒண்ணு நல்லதா போட்டுக் குடுங்க" என்று கேட்டாள். என்னிடம் ஒன்று இருந்தது. அவள் விழுந்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எடுத்தது என்று சொன்னேன். சுண்டெலி நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே படம் அதுதான். கொஞ்சமும் ஆடாமல், கண்ணை அகலத் திறந்துகொண்டு, பின்னால் வெளிறிய வானம், அதன் மேல் கறுகறுவென்று தலைமுடி. பருத்திக் காகிதத்தில், கரி மையில் அச்சிட்டேன். படத்தை வெட்டுவது எனக்குப் பிடிக்காது. எடுத்தது எடுத்தபடி முழுதாக அச்சிட்டு, வேண்டாததை மேலே வைக்கிற மவுண்ட் அட்டையால் மறைப்பதே என் வழக்கம். அட்டையில் சின்ன ஜன்னல் ஒன்று வெட்டி, முகமும் தோளும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். கண்ணாடிக்காரரிடம் அட்டையையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு சட்டத்தை நானே போட்டேன். அதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

படம் கூடத்துச் சுவரில் ஏறியது. அன்று முதல் என் மனைவிக்கு வேறு உலகம் இல்லாமல் போனது. காலையில் எழுந்ததும் அதன் முன்னால் நிற்பாள். 'மன்னிச்சுடுடா, அம்மா கதவைத் திறந்து வெச்சுட்டேன்' என்பாள். ஒரு தடவை இல்லை. பல் விளக்குவதற்கு முன், சாப்பிடுவதற்கு முன், விளக்கை அணைப்பதற்கு முன். ஆளே பாதியாகிவிட்டாள். வெளியே போனால் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்ப்பாள், பாதி வழி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். அவள் இப்படியே போனால் பிழைக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. இதை மனதார எழுதுகிறேன்.

அந்தப் படம் சுவரில் இருக்கும்வரை அவளுக்கு மீட்சி இல்லை. கழற்றினால் விடமாட்டாள். தானாகப் போனால்தான் உண்டு. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது.

இடையில் ஒரு நாள் அவள் கேட்ட கேள்வியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தான் என்று வரக்கூடாது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "என்னங்க, இதுல இவ எங்க உட்கார்ந்திருக்கா?" என்றாள்.

"மாடியில. ஸ்டூல் மேல."

"ஸ்டூல்ல உட்கார்ந்தா பின்னாடி சுவர் தெரியணுமே. வெறும் வானம்தானே தெரியுது?"

"கீழேயிருந்து எடுத்தேன்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்துப் படத்தை மாற்றினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குறிப்பேட்டில் 'வேண்டாம்' என்று எழுதிய பக்கங்களைப் புரட்டினேன். அதில் ஒரு பளபளப்புக் காகிதம். வெளுப்பு மருந்தும் உண்டு, காற்றை உறிஞ்சுகிற மேற்பூச்சும் உண்டு. அதில் சாய மையால் அடித்தால் வெயிலில் இரண்டு மழைக்காலம் தாண்டாது என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அதில் அச்சிட்டேன். பழைய அட்டையையே மேலே வைத்தேன், கண்ணாடிக்குப் பின்னால் பளபளப்பு தெரியவில்லை. வெயிலைத் தடுக்கிற கண்ணாடியை எடுத்துவிட்டுச் சாதாரணக் கண்ணாடி போட்டேன். கூடம் விசாலமாகத் தெரியட்டும் என்று சொல்லி, சட்டத்தை ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். சாயங்கால வெயில் நேராக அங்கேதான் விழும். அவள் வந்து பார்த்துவிட்டு, "இங்கதான் வெளிச்சமா இருக்கா. நல்லாருக்கு" என்றாள்.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். முகத்தை மட்டும் வெட்டி அச்சிட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காதே என்று. எனக்குக் கை வரவில்லை. அந்தப் படத்தில் எந்தப் பக்கம் வெட்டினாலும் படம் செத்துவிடும்.

சாய மை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதலில் கறுப்பு செம்பழுப்பாகும். பிறகு கன்னத்தில் இருக்கிற மெல்லிய சாயல்கள் போகும், அப்புறம் மூக்கின் ஓரம், உதடு. தலைமுடியும் கருவிழியும் கடைசிவரை தாக்குப் பிடிக்கும். முதல் வருடம் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வருடம் கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை துடைப்பாள். ஒரு நாள், "என்னங்க, எனக்குப் பாப்பா மூஞ்சி மங்கலாத் தெரியுது" என்றாள்.

"வயசாகுதில்ல. கண்ணைக் காட்டணும்" என்றேன்.

நானே கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் எழுத்துப் பலகையைக் காட்டினார், கடைசி வரிவரை படித்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். அவள் நம்பவில்லை. "டாக்டர், எனக்கு என் பொண்ணு மூஞ்சி தெரியலை" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் புரிந்துகொண்டவர்போல் மெல்லிய பவரில் ஒரு கண்ணாடியும், தூங்குவதற்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, "அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவதான் போறா. என் மூஞ்சில முழிக்க அவளுக்குப் பிடிக்கலை" என்றாள்.

அதன் பிறகு இன்னொரு படம் போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சினாள். மூலப் படம் இருந்த கேமரா கார்டு கெட்டுவிட்டது என்றேன். "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நூறு வருஷம் நிக்கிற மாதிரி போட்டுக் குடுக்கிறீங்க. நம்ம பாப்பாவுக்கு ஒண்ணு முடியலையா உங்களால?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "விட்டுடு. போறது போகட்டும். நீ பிழைக்கணும்" என்றேன். அப்போதும் அவள் நன்மைக்காகத்தான் சொன்னேன்.

மூன்றாவது வருடம் வரையத் தொடங்கினாள். அவளுக்கு வரைய வராது. கிழித்த தேதித்தாள்களின் பின்பக்கம் பென்சிலால் ஒரு வட்டம், இரண்டு கண், ஒரு சடை. உடனே அழிப்பாள். மறுபடி போடுவாள். ஒரு மதியம் நான் சாப்பிட மேலே போனபோது கூடம் முழுக்கத் தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து கையால் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். "வரமாட்டேங்குது. மூக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க. நீங்க அப்பாதானே, சொல்லுங்க, மூக்கு எப்படி இருக்கும்?" எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து அணைக்கப் போனாள். அந்த நேரம் போய்விட்டது.

அதற்கப்புறம் அவள் படத்தின் முன்னால் நிற்பது குறைந்தது. மன்னிப்புக் கேட்பது நின்றேபோனது. வேளைக்குச் சாப்பிட்டாள். தேறிவிட்டாள் என்று நினைத்தேன். என் கணக்கு சரிதான் என்று ஒரு நிம்மதி வந்தது. சுவரில் அப்போது இரண்டு கருவிழிகளும், தலைமுடி இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கறையும்தான் மிச்சம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் ஒரு வாடிக்கையாளர் படத்தை அச்சிட்டுக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் அவள் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அச்சறைக்கு அவள் வருவதே இல்லை, இரண்டு வருடம் ஆகியிருக்கும். கையில் படம். சட்டம் இல்லை, அட்டை இல்லை, வெறும் காகிதம். மிச்சம் இருப்பதையாவது இருட்டில் வைத்துக் காப்பாற்றலாம் என்று, நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற அதே யோசனையின்படி, சட்டத்தின் பின்னாலிருந்த ஆணிகளைக் கரண்டிக் காம்பால் நெம்பிப் பிரித்திருக்கிறாள்.

என் மேசையில் அதை வைத்தாள். நடுவில், அட்டையின் ஜன்னல் இருந்த அளவுக்கு, வெளிறிய கட்டம். அதைச் சுற்றி நாலு பக்கமும் படம் புத்தம் புதிதாக இருந்தது. அட்டை மூடியிருந்த இடத்தில் வெயிலும் படவில்லை, காற்றும் படவில்லை. இருபத்திரண்டு வருடம் ஜன்னலில் கீற்று ஒட்டியவன் நான். ஆனாலும் இது எனக்கு முன்பே தோன்றவில்லை. எதை மறைக்க வேண்டும் என்று அட்டை வைத்தேனோ, அதை மட்டும் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. முதலில் வெளிறிய கட்டத்தின் விளிம்பில் விரலை வைத்து, "மங்கினது என் கண்ணு இல்ல" என்றாள். அப்புறம் விரல் கீழே இறங்கியது. இடது முழங்கால். கட்டம் போட்ட தலையணை உறைத் துணி. முயல் காது முடிச்சு, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு.

"இந்தக் கட்டு நான் எப்பக் கட்டினேன்?"



விரல் இன்னும் கீழே போனது. முழங்காலுக்குக் கீழே ஸ்டூல் இல்லை. கைப்பிடிச்சுவரின் மேல்விளிம்பு. அதற்கப்பால் ஒன்றும் இல்லை, பின்தெரு விளக்குக் கம்பத்தின் தலை மட்டும்.

"மாடிக் கதவை யாரு திறந்தா?"

"நான்தான்" என்றேன். "நீ தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் வந்திருந்த."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "நாலு வருஷம்" என்றாள். பிறகு காகிதத்தை எடுத்துச் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மகள் விழுந்த அந்த வாரம் ஒரு புதிய பருத்திக் காகிதம் மாதிரிக்கு வந்திருந்தது. ஐந்தே தாள். அப்படி ஒரு காகிதத்தை அதுவரை நான் தொட்டதில்லை. அதைச் சோதிக்க நல்ல படம் ஒன்று வேண்டும். ஆழமான கறுப்பிலிருந்து வெள்ளைவரை எல்லாச் சாயலும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். மகளுக்கு அடர்ந்த கறுப்பு முடி. அன்றைக்கு வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள். மேற்கு வானம் மெல்லிய சாம்பலில் இருந்தது. ஸ்டூலில் உட்காரவைத்தால் பின்னால் சுவர் வருகிறது, சுவர் முழுக்க ஈரக்கறை. அதனால் தாழ்ப்பாளைத் திறந்து அவளை மாடிக்குக் கூட்டிப்போய், தூக்கிச் சுவரின் மேல் உட்காரவைத்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அவள் ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்று சொன்னேன் அல்லவா? அங்கே உட்கார்ந்ததும் அசையவில்லை. பயந்த குழந்தை அசையாது. அது எனக்குத் தெரிந்துதான் உட்காரவைத்தேன்.

"அப்பா, இறக்கி விடுப்பா" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

பத்து எடுத்தேன். வெளிச்சம் முடிக்குப் பின்னால் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் பின்னாடி சாஞ்சுக்கோடா" என்றேன். சாய்ந்தாள். பதினோராவது எடுத்தேன். கை விடாமல் அழுத்தியிருந்ததால் பன்னிரண்டாவதும் விழுந்தது. பன்னிரண்டாவதில் சுவரும் வானமும் மட்டும் இருக்கின்றன.

ஏன் உடனே ஓடவில்லை என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பிள்ளை விழுந்த பிறகு கால் மணி நேரம் உயிர் இருந்திருக்கிறது என்று மருத்துவர் எழுதியதையும் படித்துக் காட்டினீர்கள். நான் சுவர்ப்பக்கம் போகவில்லை. கேமராவின் பின்னால் இருக்கிற சின்னத் திரையில் பதினோராவது படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழுந்திருந்தது. பெரிதாக்கி, கண்ணிமைவரை பார்த்தேன். பிறகு கீழே வந்தேன். கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிரிண்டரை ஓடவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாராவது வந்து கதவைத் தட்டினால் போகலாம் என்று இருந்தேன். தையல்காரம்மா தட்டினார், உடனே எழுந்து ஓடினேன்.

சுவரில் உட்காரவைத்தது நான். சாயச் சொன்னது நான். கால் மணி நேரம் கீழே உட்கார்ந்திருந்ததும் நான். அதை என் மனைவி தலையில் ஏற்றி நாலு வருடம் சுமக்கவிட்டதும் நான்தான். இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் படத்தை மங்கவைத்தது மட்டும் அவளுக்காகச் செய்தது. அவள் பிழைத்திருக்கிறாள் இல்லையா? நடந்து உங்களிடம் வருகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது.

என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். தண்டனை என்ன என்றுகூட அவள் கேட்கவில்லை, பாப்பா முகம் தெரிகிற மாதிரி ஒரு படம், ஒரே ஒரு படம், எங்கேயாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொன்னாள் என்றீர்கள். நேற்று இல்லை என்று சொன்னேன். அது உண்மையில்லை.

அச்சறையில் மேசைக்கு அடியில், மூன்றாவது இழுப்பறையில், அமிலமில்லாத அட்டைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அந்தப் புதிய காகிதத்தின் ஐந்து தாளில் நான்கைச் சோதனைக்கு வெட்டிவிட்டேன். ஐந்தாவதில் அந்தப் பதினோராவது படம் இருக்கிறது, முதலில் சுவரில் இருந்து நான் கழற்றியது. கரி மை. முழுப் படம், எந்தப் பக்கமும் வெட்டாதது. அவள் மேலே பென்சிலோடு அழுதுகொண்டிருந்த நாட்களில் நான் கீழே கதவைச் சாத்திக்கொண்டு அதை எடுத்துப் பார்ப்பேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். கறுப்பு இன்னும் கறுப்பாக இருக்கிறது. சரியாக வைத்தால் இருநூறு வருடம் நிற்கும்.

எடுக்கப் போகிறவரிடம் சொல்லிவிடுங்கள், ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. உங்கள் ஆவண அறையில், இருட்டில், படுக்கைவசமாக வைத்தால் நல்லது. என் மனைவி கையில் மட்டும் கொடுத்துவிட வேண்டாம். அவள் அழுவாள், காகிதம் கெட்டுவிடும்.